முப்பது பிள்ளைகள், நாற்பத்தேழு கைகள்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரர் எழுதுவது. நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். நான் சௌக்கியமாக இருப்பதற்கு அவள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.

போன தடவை போனில், "அக்கா பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களவிட பெஞ்சு ஜாஸ்தியாமே" என்று சிரித்தாய். பதிலைப் போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் அக்கா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடம் இரண்டே அறை என்பது உனக்குத் தெரியும். அவளுக்குக் கீழே ஒரே ஒரு டீச்சர். வருஷ ஆரம்பத்தில் பத்தொன்பது பிள்ளைகள். முப்பது தேறாவிட்டால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. அந்தச் சாலையில் லாரி போகிற வேகத்துக்கு நானே கடக்கப் பயப்படுவேன், ஒன்றாம் வகுப்புக் குழந்தை எப்படிக் கடக்கும்? உன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சும்மாதானே இருக்கீங்க, நாலு இடம் போய் பிள்ளை கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். காலமெல்லாம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து, இப்போதுதான் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறேன், அது அவள் கண்ணை உறுத்துகிறது. மச்சான், நான் பெண் கேட்டுப் போயிருக்கிறேன், பிள்ளை கேட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

முதலில் தையல் கூடத்துக்குப் போனேன். ஒரு அம்மா மெஷினை நிறுத்தாமலே, "ஃபீஸ் எவ்வளவு?" என்றாள். ஒன்றும் கிடையாது என்றேன். "ஃபீஸ் இல்லாத இடத்துல படிப்பு எப்படி நல்லா இருக்கும்?" என்று கேட்டாளே பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காத்துக்குக்கூடத்தான் ஃபீஸ் இல்ல, மூச்சு விடாமயா இருக்கே?" என்றேன். கூடமே சிரித்தது, இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள். அங்கிருந்து புதுக் கட்டடம் கட்டுகிற இடத்துக்குப் போனால், மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க வயசுக்கு வாட்ச்மேன் வேலைதான் இருக்கு" என்கிறார். வேலை கேட்டு வரவில்லை, பிள்ளை கேட்டு வந்தேன் என்றதும் இன்னும் பயந்துவிட்டார். மணல் குவியல் மேல் ஒன்பது வாண்டுகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பங்கள், ஆளுக்கொரு பாஷை. கை ஜாடையிலேயே பேசி ஒன்பதையும் சேர்த்துவிட்டேன் என்றால் சும்மாவா!

போன வாரம் அதிகாரி எண்ணிப் பார்க்க வந்தார். மணி அடிக்க ஆள் இல்லை என்று நானும் போயிருந்தேன், வேறு ஒன்றுமில்லை. வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று அவருடைய படிவத்தில் ஐந்து கட்டம். ஒவ்வொரு மொழியாகச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். கூட்டினால் நாற்பத்தேழு! "மேடம், முப்பதுன்னு எழுதியிருக்கீங்க, கணக்கு உதைக்குதே" என்றார். மறுபடி எண்ணினார், ஐம்பத்திரண்டு. கை தூக்கினால் சார் சந்தோஷப்படுவார் என்று பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம். பேர்களே பொய்யோ என்று அவர் முகம் இறுகிவிட்டது, பேனாவை மூடிவிட்டார். கையெழுத்து விழாவிட்டால் பள்ளிக்கூடம் போச்சு.

தையல்காரம்மா மகளைக் கூப்பிட்டு, "நீ ஏம்மா மூணு மொழிக்குத் தூக்கினே?" என்றார். அவள் பக்கத்தில் இருந்த தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாகூட ஒண்ணு பேசுவேன், அப்பாகூட ஒண்ணு, இவகூட விளையாடும்போது ஒண்ணு. எனக்கு ரெண்டு கைதானே சார் இருக்கு, அதான் மூணாவதுக்கு இவளையும் சேர்த்துத் தூக்கச் சொன்னேன்."

"ஒரு பிள்ளைக்கு ஒரு மொழிதான் எழுத முடியும்" என்றார் அதிகாரி.

"அதை என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது, பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் உன் அக்கா. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அப்புறம் நான் பொறுமையிழந்து உள்ளே நுழைந்துவிட்டேன். டிப்போவில் பஸ்ஸை எண்ணுகிற மாதிரி, எல்லோரையும் வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியே விட்டேன். அதிகாரி எண்ணினார். முப்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரும்ப உள்ளே வந்ததும் உன் அக்கா பாடம் வாசிக்கச் சொன்னாள். கட்டட வேலைக்காரர் பையன் ஒருத்தன், வந்தபோது வாயே திறக்காதவன், தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று வாசிக்கிறான், பக்கத்தில் இருக்கிறவள் அதைத் தன் பாஷையில் மாற்றிப் புதுசாக வந்த குட்டிக்குச் சொல்கிறாள், அந்தக் குட்டி கேட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம், அதுங்களே தினமும் இப்படித்தானாம். அதிகாரி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. உன் மகன் படிக்கிற ஏசி பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வகுப்பைக் காட்டு பார்ப்போம்! உன் அக்காவைக் கட்டிக்கொண்டதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை அவளிடம் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இத்தோடு என் வேலை முடிந்தது. இனிமேல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கமாட்டேன் என்று அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் தலையில் என் பேரைச் சொல்லி ஒரு தடவை கை வை, பத்து பாஷை பேசி நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவிடம் மாட்டிக்கொண்ட மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். கட்டடம் முடிஞ்சுதாம், நாளைக்கே எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கம் புது வேலைக்குப் போறாங்களாம். மேலே முப்பது என்று எழுதிய இடத்திலெல்லாம் இருபத்தொன்று என்று படித்துக்கொள். உன் அக்கா உள்ளே போய்ப் படுத்துட்டா. அங்கேயிருந்து வர்ற முதல் பஸ் நம்ம பள்ளிக்கூட வாசல் வழியாத்தான் டிப்போவுக்குப் போகும். டிரைவர் நம்ம ஆளு, போன் பண்ணிட்டேன், நிறுத்துறேன்னுட்டான். தினமும் விடிஞ்சதும் போய் ஒன்பதையும் ஏத்திக்கிட்டு வரணும், சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சாச்சு. இந்தத் தடவை அவ என்னைப் போகச் சொல்லல, மச்சான்.