டிசம்பரில் நான்கு டிவிடெண்ட்

“ஜூலை 19, சனிக்கிழமை. விஜியின் அமெரிக்கக் கம்பெனி ஆண்டுக்கு நான்கு முறை டிவிடெண்ட் தருகிறது. நான்கும் டிசம்பரில்: 3, 6, 9, 12 ஆகிய தேதிகளில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதன் வியாபார வடிவம் இது என்பது தெளிவு.”

என் நாட்குறிப்பில், என் கையெழுத்தில் இப்படித்தான் இருக்கிறது. வருடத்தை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். (என் மைத்துனன் ரமணி இதைப் படிப்பான். கிழமையை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அவனுக்கும் கொஞ்சம் வேலை வேண்டும்.) அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. கையிலிருந்த சான்றை வைத்து ஒருவன் எடுத்த முடிவு அது. அதே சான்றை இன்று கொடுத்தாலும் அதே முடிவுக்குத்தான் வருவேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவன். மும்பை மாதுங்காவில் எந்த மெஸ் எந்த வருடம் மூடியது, எந்தக் கடை எப்போது பலகை மாற்றியது என்று யாரும் கேட்காமலே குறித்து வைப்பவன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் தேதி தப்பாக வந்தால் திருத்தி எழுதுவேன். (மலர்க் குழு இப்போது எனக்கு மலர் அனுப்புவதில்லை. விலை கொடுத்து வாங்கித் திருத்துகிறேன்.)

ஓய்வு பெற்றபின் ஓர் உண்மை தெரிந்தது. வீட்டில் எனக்கு வேலை இல்லை. மின்சாரக் கட்டணம், கேஸ், பால், கட்டிடச் சொசைட்டிப் பணம் எல்லாம் என் மனைவி விஜியின் போனிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. என் கையெழுத்து தேவைப்படும் காகிதம் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போதுதான் அவளுடைய வருமான வரி ரிட்டர்ன் என் கண்ணில் பட்டது.

விஜி பவாயில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கிளையில் பதினேழு வருஷம் இருந்தவள். சம்பளத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனிப் பங்கும் சேர்ந்திருந்தது. அதற்கு டாலரில் டிவிடெண்ட் வரும். நூறு டாலர் வந்தால் அமெரிக்கா இருபத்தைந்தை அங்கேயே வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். இந்தியாவோ முழு நூறுக்கும் வரி கேட்கும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை கட்ட வேண்டாம் என்று இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். படிவம் அறுபத்தேழு என்று ஒன்று. எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், அதற்கு முந்தைய மாதக் கடைசியில் டாலருக்கு வங்கி என்ன விலை கொடுத்தது என்றெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டும்.

தேதி. என் வாழ்நாளெல்லாம் இந்தப் படிவத்துக்காகத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

அதுவரை ரிட்டர்னைத் தாக்கல் செய்தவன் ரமணி, விஜியின் தம்பி. செம்பூரில் ஆடிட்டர். நான் கேட்டதும் விஜி உடனே சரி என்று சொல்லவில்லை.

“ஏன்னா, இந்த ஒரு வருஷம் பண்ணிப் பாருங்கோ. ஏதாவது தப்பு வந்துதுன்னா ஃபைல் ரமணிகிட்டயே திரும்பப் போயிடும். அப்புறம் கோச்சுக்கப்படாது.”

“தப்பா? நானா?” என்றேன்.

அவள் என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு பதில்தான்.

அமெரிக்காவிலிருந்து வந்த வருட ஸ்டேட்மென்ட்டில் நான்கே வரி. 03/12, 06/12, 09/12, 12/12. பக்கத்தில் டிவிடெண்ட், பிடித்த வரி. நான் படித்த பள்ளிக்கூடத்தில் முதலில் நாள், பிறகு மாதம். ஆகவே மூன்று டிசம்பர், ஆறு டிசம்பர், ஒன்பது டிசம்பர், பன்னிரண்டு டிசம்பர். மூன்று நாளைக்கு ஒரு டிவிடெண்ட் என்பது விசித்திரமாகத் தெரியவில்லையா என்று இன்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரிந்தது. விசித்திரமாகத் தெரிந்ததால்தான் நான்கு மெழுகுவர்த்தியைத் தேடிப் பிடித்தேன். விசித்திரத்துக்கு விளக்கம் கண்டுபிடிப்பதுதானே படித்தவன் வேலை?

வசதியும் இருந்தது. நான்கும் டிசம்பர் என்றால் நவம்பர் முப்பதாம் தேதியின் ஒரே டாலர் விலை போதும். படிவத்தை முடித்து, ரிட்டர்னை முடித்து, போனில் வந்த ஓடிபியைக் கேட்டேன். விஜி குக்கரைப் பார்த்தபடியே ஆறு எண்ணைச் சொன்னாள். தாக்கல் ஆயிற்று.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. ஆனால் நான் லிஃப்டில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். பலரிடம் ஒன்றிரண்டு வெளிநாட்டுப் பங்கு. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஆபீஸில் நாற்காலி போட்டு, கரும்பலகை வைத்து, “வெளிநாட்டு டிவிடெண்டும் வரிக் கழிவும்: ஒரு விளக்கம்” என்று என்னைப் பேச அழைத்துவிட்டார்கள். (அழைத்தார்கள் என்பது சரியான சொல். நான் வற்புறுத்தினேன் என்று ரமணி சொல்வது அவன் கற்பனை.)

காட்கோபரிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் விஜி. கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, செம்பூரிலிருந்து வந்த ரமணி.

“நீ எதுக்குடா வந்தே?” என்றேன்.

“கத்துக்கத்தான், அத்திம்பேர்.”

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போயிற்று. இதை நான் மட்டும் சொல்லவில்லை, ரமணியே ஒப்புக்கொண்டிருக்கிறான். இருபத்தைந்து சதவீதம், ஒப்பந்தம், படிவம் எல்லாவற்றையும் விளக்கினேன். சிலர் குறிப்பு எடுத்தார்கள். பிறகு, “தேதிதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்” என்று சொல்லிக் கரும்பலகையில் நான்கு டிசம்பரையும் எழுதி, மெழுகுவர்த்தி விஷயத்தையும் எடுத்துவிட்டேன். சபையில் ஒரு முணுமுணுப்பு. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வரிசையில் மூன்றாம் மாடி சேஷன் கையைத் தூக்கினார். பாலக்காட்டுக்காரர், ரயில்வேயில் இருந்தவர். வேறு ஒரு கம்பெனியின் பங்கு அவரிடம் இருந்தது.

“ஒரு சந்தேகம். என் ஸ்டேட்மென்ட்ல 05/15-னு போட்டிருக்கான். அஞ்சாந்தேதி சரி. பதினஞ்சாவது மாசம் எது?”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் யோசித்திருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லை. மேடையில் இருந்தேன்.

“அச்சுப் பிழையாக இருக்கலாம்,” என்றேன். “ஆனால் பன்னிரண்டு மாதம்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. நம் பஞ்சாங்கத்திலேயே அதிக மாசம் வந்தால் பதின்மூன்று. எத்தியோப்பியாவில் எப்போதுமே பதின்மூன்று மாதம்தான்.”

“அது பதிமூணு,” என்றார் சேஷன் பொறுமையாக. “நான் கேக்கறது பதினஞ்சு.”

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. “அத்திம்பேர், பதினஞ்சாம் மாசத்துக்கு அட்வான்ஸ் டாக்ஸ் உண்டா?”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் விஜி எழுந்து நிற்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“ஏன்னா, அவா மாசத்த முன்னாடி போடுவா. அது மே பதினஞ்சு. நீங்க எழுதியிருக்கறது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். மூணு மாசத்துக்கு ஒரு தரம், பன்னெண்டாந்தேதி.”

நான் கரும்பலகையைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். மும்பையில் அதைவிட மோசமான ஒரு கேள்வியை அன்று வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“பதினேழு வருஷம் அந்த ஆபீஸ்ல தேதி போட்டவ நான்தானே?”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே.”

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் மேடையை விட்டு இறங்கவில்லை. சாக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாள், மாதம், வருடம் என்பது படிப்படியாக ஏறும் ஏணி என்றேன். மாதம், நாள், வருடம் என்பது முதல் மாடியில் தொடங்கி, தரைத்தளத்துக்கு இறங்கி, அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று விளக்கினேன். அமெரிக்கா முழுவதும் ஒரு தவறைச் செய்தால் அது சரியாகிவிடாது என்றேன். நான் எழுதிய நான்கில் 12/12 எந்தப் பக்கமிருந்து படித்தாலும் சரி என்பதையும் எடுத்துக் காட்டினேன்.

“நாலுக்கு ஒண்ணு,” என்றான் ரமணி. “இருபத்தஞ்சு சதவீதம். அமெரிக்கா பிடிச்ச வரியும் அதே, அத்திம்பேர் வாங்கின மார்க்கும் அதே.”

கைதட்டல் அவனுக்குக் கிடைத்தது. டீயும் பிஸ்கட்டும் வந்தன. காட்கோபர்க்காரர் ஒருவர் என் அருகில் வந்து, எத்தியோப்பியா விஷயம் நிஜம்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்று எனக்கு வாய்த்த ஒரே உண்மையான ரசிகர்.

லிஃப்டில் மூவரும் ஏறினோம். ரமணி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் முகத்தை மாட்டிக்கொண்டான்.

“அக்கா, ஃபைல குடுத்துடு, போறப்ப எடுத்துண்டு போறேன். டாலர் விலை மூணு இடத்துல மாறும். அதைவிடப் பெரிசு, ஸ்டேட்மென்ட் ஜனவரியிலேர்ந்து டிசம்பர். நம்ம கணக்கு ஏப்ரல்லேர்ந்து மார்ச். அந்த மார்ச் டிவிடெண்ட் இந்த வருஷமே இல்லை, முந்தின வருஷத்துது. அடுத்த மார்ச்சுல வந்தத அத்திம்பேர் விட்டுட்டார்.”

“திருத்தின ரிட்டர்ன் போடலாம்,” என்றேன். “டிசம்பர் கடைசிவரைக்கும் டயம் இருக்கு.”

“எந்த டிசம்பர்?” என்றாள் விஜி.

ரமணி லிஃப்டின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

வீட்டுக்குள் போனதும் அவள் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஃபைலுக்கும் ரமணிக்கும் நடுவில் நின்றேன். அறுபது வயதில் ஒரு மனிதன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்காகக் குறுக்கே நின்றான் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். அது போனால் பிறகு எனக்குப் பால் பாக்கெட் வெட்டுவதுதான் மிச்சம்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கா இல்லியா, அதைச் சொல்லு,” என்றேன் ரமணியிடம்.

அவன் புரட்டினான். நேரம் எடுத்துக்கொண்டான். “விகிதம் சரி. கட்டின வரிக்கு அத்தாட்சி இணைச்சிருக்கேள். டிவிடெண்ட் முழுசா காட்டி, அப்புறம் கழிவு கேட்டிருக்கேள். நிறைய பேர் கையில வந்ததை மட்டும் காட்டுவா.” ஃபைலை மூடி, “நன்னாத்தான் பண்ணியிருக்கார், அக்கா. தேதி ஒண்ணுதான்” என்றான்.

விஜி ஃபைலை என் பக்கம் தள்ளினாள். “நீங்களே திருத்துங்கோ. ஆனா இனிமே தேதியெல்லாம் நான்தான் போடுவேன்.”

“தேதி என் இலாகா, விஜி.”

“இருந்தது,” என்றாள்.

அப்படித்தான் நடந்தது, இன்றும் நடக்கிறது. திருத்திய ரிட்டர்னும் புதிய படிவமும் போயின, கழிவும் கிடைத்தது. மாதுங்காவின் வரலாற்றைத் தேதிவாரியாகக் குறித்து வைக்கும் நான் என் மனைவியின் ரிட்டர்னில் தொகை, நாடு, விகிதம் எல்லாம் நிரப்பிவிட்டு, தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்துகிறேன். அவள் நிரப்பியதை நான் சரிபார்ப்பதில்லை என்பது ஒப்பந்தம். (பார்க்கிறேன்.)

கட்டிடமும் இதை விடவில்லை. எங்கள் சொசைட்டியில் எப்போதும் நடக்காத வேலை எதுவானாலும் அது பதினஞ்சாம் மாசம் நடக்கும். மொட்டை மாடிக் கசிவு பதினஞ்சாம் மாசம் அடைபடும். லிஃப்ட் பதினஞ்சாம் மாசம் புதுசாகும். சமையலறைக் குழாய்க்காகப் பிளம்பருக்குப் போன் செய்தபோது, “பந்த்ரவே மஹீனே மே ஆதா ஹூம், அங்கிள்” என்று சிரித்தான், பதினஞ்சாம் மாசம் வருகிறானாம். கல்யாண் நகரில் இருக்கும் எங்கள் பெண் நித்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் நான் எந்தத் தேதி சொன்னாலும் சுத்தத் தமிழில் கேட்கிறாள்: “அப்பா, இது எந்த ஊர் தேதி?”

சிரிக்கட்டும். நாள் முதலில், மாதம் பிறகு. சாகும்வரை அப்படித்தான் எழுதுவேன்.

ஒன்று மட்டும் பதிவுக்காக. அந்த மார்ச் டிவிடெண்ட் முந்தின வருஷத்துது என்று ரமணி லிஃப்டில் கண்டுபிடித்தானே, அந்த முந்தின வருஷ ரிட்டர்னைத் தாக்கல் செய்தவனும் அவனேதான். அதில் அந்த டிவிடெண்டைக் காட்டி அதற்குரிய கழிவையும் கேட்டதாக அவன் சொல்கிறான். நகல் கேட்டிருக்கிறேன். தேடித் தருவதாகச் சொல்கிறான். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. ஆகவே அவன் அதைக் காட்டினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.