டிக்டிக் அண்ணனும் கறுப்பு மணலும்

பத்தாங் காலியிலிருந்து செரண்டா வரை, மண்ணுக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் டிக்டிக் அண்ணன்தான். எண்பதுகளில் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் அவருடைய நிஜப் பெயர் தெரியாது. மலையில் யுரேனியம் தேடி வந்தவர்களுக்கு மூட்டை சுமந்தவர். போகும்போது அவர்கள் கதிர்வீச்சு இருந்தால் டிக், டிக்கென்று அடிக்கும் பழைய பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மிக்கல், பலாக்கொட்டை, எங்களை வேலை வாங்கும் மண்டோரின் தொப்பை என்று அவர் அளக்காத பொருள் இல்லை. தொப்பையை அளந்த மறுநாளே மண்டோர் அவரைத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது என் மனைவி சாந்திக்கு ஏழு மாதம். சேற்றில் வழுக்கிவிடக் கூடாதே என்று, லம்பம் என்று நாங்கள் சொல்லும் பழைய ஈயச் சுரங்கத்தில் ஈயத்தைப் பிரித்தபின் ஒதுக்கிப்போட்ட கறுப்பு மணலைக் குசினிக்குப் பின்னால் பரப்பியிருந்தேன். அங்கே எல்லாரும் செய்வதுதான். அண்ணன் அந்த மணல்மேல் பெட்டியை வைத்தார். தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல் பொரிந்தது.

"தம்பி, இதுல தோரியம் இருக்கு லா. யுரேனியம் மாதிரிதான்."

உடனே சாந்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, குன்றடிக் கருங்கல் பாறைக்குக் கீழே இருக்கும் முனியாண்டியிடம் அடைக்கலம் போனேன்.

"ஏங்க, மாசமா இருக்கறவள யாராச்சும் முனியாண்டிகிட்ட கூட்டியாருவாங்களா?" என்றாள் சாந்தி.

சைக்கிளில் பின்னாலேயே வந்த அண்ணன் பாறையிலும் பெட்டியை வைத்தார். டிக், டிக்.

"ஐயோ, சாமிக்குமா!" என்று அலறினேன்.

"கருங்கல்லுன்னா கொஞ்சம் இருக்கும் லா. வாழப்பழத்துல இருக்கு, உன் ஒடம்புலயும் இருக்கு. அதெல்லாம் ஒண்ணும் செய்யாது. அந்த மணல்லதான் ஜாஸ்தி. அள்ளிடுவோம்."

நான் என் கையை என் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்துவிட்டார். அந்த மணல் இரும்புக் கனம். சாக்குச் சாக்காக அள்ளி, சைக்கிளில் கட்டி, லம்பத்துக்கே கொண்டுபோய்க் கொட்டினார். நான் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, முன்வாசலில் நின்று எட்டிப் பார்த்தபடி, "அண்ணே, அந்த மூலையில கொஞ்சம் இருக்கு!" என்று மேற்பார்வை பார்த்தேன்.

பொழுது சாயும்போது பெட்டியை மறுபடி வைத்தார். மற்ற இடங்களில் அடிப்பதுபோல மெதுவாகத்தான் அடித்தது.

"இனிமே பிள்ள தவழலாம், தம்பி."

பிள்ளை தவழ்ந்தாள், ஓடினாள், இப்போது ரவாங்கில் வேலை பார்க்கிறாள். அத்தனை சாக்கையும் தூக்கிக் கட்டிய மனிதருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததா என்று, அந்தத் துண்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.