இடுப்பு மாறிய குழந்தை

தபால்காரரின் கால்சட்டை முழங்காலில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். தேசிய பேஸ்பால் அணியின் சீருடை மொத்தமும் அவள் மடியைச் சுற்றித்தான் கிடந்தது. அதில் ஒரு சட்டையின் காலரைக் குழந்தை சப்பிக்கொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் அவள் புருஷன். அந்த அணியின் பயிற்சியாளர். அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் புகுந்த புருஷனும் கல் புகுந்த செருப்பும் ஒன்று. நிம்மதியாக ஓரடி வைக்க முடியாது.

போட்டியை நடத்துகிற நாடாயிற்றே என்று பாவம் பார்த்துச் சேர்த்துக்கொண்ட அணி அது. உலகத்தில் எல்லாரிடமும் தோற்றாகிவிட்டது. இனித் தோற்பதற்கு ஆள் இல்லை. அந்த அணி இந்த முறை ஜெயித்துக்கொண்டே வந்தது. அங்கேதான் அவருக்கு உதைத்தது.

"ஜெயிச்சுட்டு வந்து ஏங்க விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"நான் மூக்கைத் தொட்டா ஓடணும். காதைத் தொட்டா நிக்கணும். இதானே சைகை? நேத்து நான் காதைத் தொட்டேன். தபால்காரன் ஓடினான்."

"ஓடி?"

"ஜெயிச்சுட்டோம்."

"அப்புறம் என்ன?"

"என்னைக் கேக்காம எப்படி ஜெயிக்கலாம்?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "உங்களுக்குப் புழுதி ஆகாது. மைதானம் பூரா புழுதி. மூக்கைச் சொறியிறீங்க, காதைச் சொறியிறீங்க. எது உத்தரவு, எது அரிப்புன்னு அவங்க எப்படிங்க கண்டுபிடிப்பாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கால்சட்டையை வாங்கிப்போகத் தபால்காரரே வந்துவிட்டார். தெருநாய்களுக்குத் தப்பித் தப்பியே அணியின் முதல் ஓட்டக்காரர் ஆனவர் அவர்.

"அக்கா, நாளைக்கும் முன் வரிசைதானே?" என்றவர், பயிற்சியாளரைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டு வந்த வழியே போனார்.

"நான் மட்டும் சாராம். நீ அக்காவாம்! இதுல என்னமோ இருக்கு."

"பாசம் இருக்கு. தள்ளுங்க, ஊசி குத்திடப்போவுது."

மறுநாள் ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை. இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று பேஸ்பால் சங்கம் சொல்லியிருந்தது. அணி போனால் அவர் வேலையும் போச்சு. அவர் மூக்கைத் தொட்டார், காதைத் தொட்டார். ஆட்டக்காரர்களின் பார்வையோ அவர் தொப்பிக்கு மேலே எங்கேயோ போயிற்று. மெல்லத் திரும்பினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் முன் வரிசையில் அவள். இடது இடுப்பில் குழந்தை. குழந்தையை வலது இடுப்புக்கு மாற்றினாள். இங்கே ஒருவன் ஓடினான். முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அவன் ஆணி அடித்த மாதிரி நின்றான்.

"அடிப்பாவி!" வேலிக்குப் பாய்ந்தார். "குழந்தையைக் குடு."

"எதுக்குங்க?"

"குடுன்னா குடு!"

குடுத்துவிட்டாள். இத்தனை சுலபமாகக் குடுத்துவிட்டாளே என்று சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் அவர் சந்தேகப்படவில்லை.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி வாய்ப்பு. தபால்காரர் கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் நின்றார். அங்கிருந்து ஓடி, மட்டை பிடிப்பவன் நிற்கும் தட்டைத் தொட்டுவிட்டால் ஓர் ஓட்டம், வெற்றி. ஓடாதே என்று சொல்ல அவர் காதைத் தொடப் பார்த்தார். கை இல்லை. ஒரு கை குழந்தையின் முதுகில், ஒரு கை அதன் தொடைக்கு அடியில். இடது இடுப்பில் அது நெளிந்தது.

அவள் வேலியோரமாகவே நடந்து அவருக்கு வலப்பக்கம் வந்து நின்றாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். அம்மாவைக் கண்ட குழந்தை அந்தப் பக்கம் தாவியது. விழுந்துவிடப்போகிறதே என்று அவர் அவசரமாக அதை வலது இடுப்புக்கு மாற்றினார்.

தபால்காரர் பறந்தார். பின்னால் நாலு நாய் துரத்துகிற மாதிரி ஓடி, புழுதியில் சறுக்கி, தட்டைத் தொட்டார்.

மைதானமே எழுந்து கத்தியது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலிக்கு வந்தார்.

"இப்ப சொல்லு. உன் கையில குழந்தை இல்ல. ஒரு சைகையும் நீ காட்டல. யாரால ஜெயிச்சோம்?"

"உங்களாலதாங்க."

"அப்படி வா வழிக்கு!"

தபால்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "சார், கரெக்டா மாத்தினீங்க! அக்கா காலையிலயே சொல்லிட்டாங்க. இன்னைக்கு சார் கண்டுபிடிச்சுடுவாரு, குழந்தையைப் புடுங்கிக்குவாரு, அப்புறம் அவரு இடுப்பைப் பாருங்கன்னு."

அவர் நெஞ்சு இருந்த இடத்துக்கே திரும்பியது. "அப்போ... நான் புடுங்குவேன்னு உனக்கு..."

"உங்களைத் தெரியாதாங்க எனக்கு? அது கெடக்கட்டும். இறுதி ஆட்டத்துக்குச் சைகை எல்லாம் மாத்தியாச்சு. நல்லா கேட்டுக்கங்க. குழந்தையைத் தோள்ல சாய்ச்சா ஒண்ணும் இல்ல. ஆனா தூக்கிப் போட்டுப் பிடிச்சா என்ன அர்த்தம்னா, மூணாவது பேஸ்ல இருக்கறவன்..."

"அக்கா! எல்லாரும் காத்துட்டிருக்கோம், சீக்கிரம் வாங்க!" என்று அணியின் அறையிலிருந்து குரல் வந்தது.

அவள் போய்விட்டாள். குழந்தை சிணுங்கியது. இடுப்பை மாற்றவும் பயமாக இருந்தது அவருக்கு. யாராவது ஓடிவிட்டால்?