டேபிள் ஃபேன் கெட்டுப்போன விதம்

“வலை விரிக்கிறவன் முதல்ல தன் காலை…” என்று மாமனார் ஒரு பழமொழி சொல்வார். காலை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கிரேன்காரருக்கு மறந்துபோய்விட்டது. மடக்கவேண்டுமா, நீட்டவேண்டுமா? மாமனார் பேச ஆரம்பித்ததும் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொள்வது மருமகன்களின் பிறப்புரிமை. அந்த அரைப் பழமொழியை வைத்துக்கொண்டுதான் அவர் வலை விரித்தார்.

கிரேன்காரர் என்பது அடுக்குமாடியில் வைத்த பெயர். துறைமுகங்களில் சரக்கு தூக்கும் ராட்சதக் கிரேன்களை நிறுவும் என்ஜினியர். பாதி ஆயுசு கடல் கடந்தே போய்விட்டது. இப்போது நீண்ட விடுப்பில் வீட்டில் இருக்கிறார். திரும்பி வருகிறீர்களா இல்லையா என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. இவரும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

காரணம் பன்னிரண்டு வயது மகள். அவள் அவரை விருந்தாளி மாதிரி நடத்தினாள். “தண்ணி வேணுமாப்பா? தூக்கம் நல்லா வந்துச்சாப்பா?” மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. ஒரு சண்டையாவது போடமாட்டாளா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. நாம் இல்லாமலே வளர்ந்த பிள்ளை, இனி நாம் எதற்கு என்று பயணப் பெட்டியைப் பார்ப்பார். நெற்றியில் விழும் முடியை ஊதி விலக்கிக்கொண்டு அவள் கணக்குப் போடுவதைப் பார்ப்பார். பெட்டி அலமாரியின் மேலேயே இருக்கும்.

மனைவி அறிவியல் டீச்சர். கோடை விடுமுறையில் ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகளைப் பள்ளி ஆய்வகத்தில் கூட்டிவைத்து, கழற்றிப் பார், மாட்டிப் பார் என்று பயிற்சிப் பட்டறை நடத்துபவள்.

“நீங்களும் வந்து ஏதாவது சொல்லித் தாங்களேன்.”

“எனக்கு நாற்பது டன் பெட்டியைத் தூக்கத் தெரியும். நாலு பிள்ளைங்களைச் சமாளிக்கத் தெரியாது.”

“சரி, விடுங்க.”

அவள் ‘விடுங்க’ என்றால் அவள் விடவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷமும் தொலைபேசி வழியாகவே குடும்பம் நடத்திய மனிதருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அடுத்த நாள் மகள் அறிவித்தாள். “நான் பட்டறைக்குப் போகலப்பா. படம் வரையுற கிளாஸுக்குப் போறேன்.”

கிரேன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அந்தக் கணமே சபதம் எடுத்தார். இவள் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்காமல் ஓய்வதில்லை! ஒரே இயந்திரத்தின் முன்னால் அப்பனும் மகளும் உட்கார்ந்தால் பேசாமலா இருந்துவிட முடியும்?

இருவரும் வெளியே போன நேரத்தில் ஹாலில் இருந்த டேபிள் ஃபேனின் முதுகைத் திறந்தார். மோட்டாருக்குத் தொடக்கத் தள்ளல் கொடுப்பது கண்டன்சர் என்ற சின்ன உருளை. அதற்குப் போகும் ஒயரைக் கச்சிதமாக வெட்டினார். ஃபேன் ‘உம்ம்’ என்று முனகியது, சுற்றவில்லை. பாகங்களைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு, மகள் உள்ளே வந்ததும் பெருமூச்சு விட்டார்.

அவள் பாகங்களைத் தாண்டிப் போனாள்.

இன்னும் பெரிய பெருமூச்சு.

“மூச்சு வாங்குதாப்பா? தண்ணி வேணுமா?”

“இல்லம்மா. இந்த ஃபேன்… என்ன கோளாறுன்னே புரியல.”

“அம்மாகிட்ட கேளுங்கப்பா.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “துறைமுகத்தையே தூக்கி நிறுத்துறவருக்கு ஒரு ஃபேன் புரியலையா?”

“இது வேற டெக்னாலஜி.”

“ஆமா ஆமா. தரையைத் துடைக்கணும், டெக்னாலஜியைக் கொஞ்சம் ஓரமா வையுங்க.”

வெயில் கொளுத்தியது. மனைவி நல்ல ஃபேனோடு உள்ளறைக்குப் போய்விட்டாள். வலை விரித்தவர் ஹாலில் பாயை விரித்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு கிடந்தார். சில நாள் இப்படியே புழுங்கிய பிறகுதான் மீன் அசைந்தது.

“பாவம்ப்பா நீங்க. அம்மா பட்டறைக்குத் தூக்கிட்டுப் போலாமா? வேணும்னா நானும் துணைக்கு வரேன்.”

அவர் ஃபேனைக் கல்யாணப் பெண்போல மடியில் உட்காரவைத்துக்கொண்டு மகளோடு ஆட்டோவில் போனார்.

ஆய்வகத்தில் பிள்ளைகள் மேசையைச் சுற்றித் தயாராக நின்றார்கள். மனைவி வரவேற்றாள். “இன்னைக்கு நம்ம நோயாளி இந்த ஃபேன். என்ன நடந்துச்சுன்னு இவங்க கண்டுபிடிக்கட்டும். நீங்க உக்காருங்க.”

பிள்ளைகள் மொய்த்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்த பெண் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

“மிஸ், ஒயர் தானா அறுந்து போகல. தானா அறுந்தா பிரிபிரியா இருக்கும். இது வெட்டினது.”

“எலி?” என்றார் கிரேன்காரர் உதவியாக.

“எலி கடிச்சா பல்லு பதிஞ்சிருக்கும் அங்கிள்.”

“செம்பு பளபளன்னு இருக்கு மிஸ். பழைய வெட்டா இருந்தா கறுத்திருக்கும்,” என்றது இன்னொரு குரல்.

“ஸ்க்ரூ ஒண்ணுகூட தலை மழுங்கல. சரியான அளவு டூல் வச்சுத் திறந்திருக்காங்க. தொழில் தெரிஞ்ச ஆளு!”

“அப்ப வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுதான் மிஸ்!”

ஆய்வகம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. நாற்பது டன் தலைக்கு மேலே தொங்கும்போதுகூட வியர்க்காதவருக்குக் காது மடலில் வியர்த்தது.

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒயரை உரித்தாள், முறுக்கினாள், டேப் சுற்றினாள். கை தயங்கவே இல்லை. உதவப்போன அவர் கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“அப்பா! ப்ளக் சொருகியிருக்கா இல்லையான்னு பாக்காம ஒயர்ல கை வைப்பீங்களா? இவ்ளோ பெரிய என்ஜினியர், அறிவு வேணாம்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டிவிட்டாள்! வாய் நிறையத் திட்டிவிட்டாள்!

அப்புறம்தான் உறைத்தது. “இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்ட?”

பல்லுக்கம்பிப் பெண் முந்திக்கொண்டாள். “அவதான் அங்கிள் எங்க குரூப் லீடர். முதல் நாள்லேர்ந்து வரா. அடுத்த வாரம் நீங்க எங்களுக்கு கிரேன் செய்யச் சொல்லித் தரப்போறீங்கன்னு மிஸ் அன்னைக்கே சொல்லிட்டாங்க.”

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை; மகள் ஃபேனைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கிரேன்காரர் கூட வந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப அந்தப் படம் வரையுற கிளாஸ்?”

“நான் கூப்பிட்டா வரமாட்டீங்க. அவ வரலைன்னாதானே வருவீங்க.”

“ஒயரை வெட்டினது?”

“அன்னைக்குச் சாயங்காலமே பாத்துட்டா. நானே கோத்துடறேன்னா. அவரே தூக்கிட்டு வரட்டும், பொறுடின்னேன்.”

“நான் புழுங்கினது?”

“அதுக்கு நாங்க என்ன பண்ணுறது? வெட்டினது நீங்கதானே.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள். “உன் மூளையே மூளை,” என்றார்.

“என் மூளை இல்ல.” மனைவி முன்னால் போகிறவளைக் கண்ணால் காட்டினாள். “‘அப்பாவுக்கு இங்க ஒரு வேலை இருந்தா போகமாட்டாரில்லம்மா?’ன்னு கேட்டா. அவ யோசனைதான் எல்லாம்.”

முன்னால் மகள் நின்று, கனம் தாங்காமல் ஃபேனைக் கை மாற்றினாள்.

“அப்பா, வேடிக்கை பாக்காம வந்து ஒரு கை பிடிங்க!”

ஓடிப்போய் ஒரு கை பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனியைக் கூப்பிட்டு, இனி வரவில்லை என்று சொன்னார்.