நகராத சீட்டும் ராஜதுரை அண்ணாச்சியும்

இந்த இனத்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. வீட்டில் எதையாவது பழுதாக்குங்கள், போதும். மின்விசிறி நிற்கட்டும், குழாய் ஒழுகட்டும், ரேடியோ கரகரக்கட்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "என்ன, மக்கர் பண்ணுதா?" என்று கேட்டபடி அவர் வந்து நிற்பார். பழுதை அவர் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் நம்மைப் போன்ற விவரம் போதாதவர்கள் செய்வது. அவர் காதை வைத்துக் கேட்பார், மோந்து பார்ப்பார், மேலே ஒரு தட்டுத் தட்டுவார், பிறகு கண்ணை மூடித் திறந்து தீர்ப்பு வழங்குவார்: "சின்ன வேலைதான்."

இந்தச் சொல் காதில் விழுந்ததும் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது நல்லது. ஆனால் பொருள் ஒரு காராக இருந்தால்?

தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், இந்த இனத்துக்கு ஊரில் தலைமகனாக விளங்கியவர் ராஜதுரை அண்ணாச்சி. தொழில் கருப்பட்டி மொத்த வியாபாரம். சொந்த வாகனம் ஒரு சைக்கிள். அதன் செயின் கழன்றால் கடைக்கு உருட்டிக்கொண்டு போவார். அது தன் பொருள் அல்லவா? அடுத்தவர் பொருள் என்றால்தான் அவருக்கு ஞானம் ஊறும். எபனேசர் வாத்தியார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் கை பட்டதிலிருந்து நேரம் காட்டுவதை விட்டுவிட்டது. மணி மட்டும் அடித்தது, அதுவும் தனக்குத் தோன்றியபோது. கயத்தாறு பக்கத்தில் நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி, "ஏர் புடிச்சிருக்கு" என்று சாலையோரத்தில் நாலு பேருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, டிரைவர் வண்டியைக் கிளப்பிப் போயே போய்விட்டார். அண்ணாச்சி வெங்காய லாரியில் ஊர் வந்து சேர்ந்தார். இவையெல்லாம் அவர் மனதில் எப்படிப் பதிந்திருந்தன என்கிறீர்கள்? வெற்றிகளாக. "அந்தக் கடிகாரம் செத்துல்லா கிடந்துச்சு! நாந்தான் சத்தம் வர வச்சேன்."

கெட்ட மனிதர் இல்லை. கூப்பிடாமலே உதவிக்கு வரும் நல்ல மனிதர், அதுதானே தொல்லை? நாலு பேர் நடுவில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற ஒரே பயம்தான் அவரை இந்த வாழ்க்கையில் இறக்கிவிட்டிருந்தது.

அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் பர்னபாஸ். கடலில் எடுக்கும் சங்குகளை வாங்கி, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கு அனுப்புகிறவர். ஆள் நல்ல பருமன். நாற்காலிகள் அவரைக் கண்டால் முனகும். சென்னையில் யாரோ வெளிநாட்டு அதிகாரி விட்டுப்போன ஒரு பழைய அமெரிக்கக் காரை அவர் ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். படகு மாதிரி நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்க சீட்டு கரண்டில் நகரும். ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால், உட்கார்ந்த ஆளோடு அப்படியே முன்னே போகும், பின்னே வரும். அதில் உட்கார்ந்து ஒரு முறை ஊர்ந்து பார்ப்பதற்கென்றே ஏரலிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பர்னபாஸுக்கோ அது வேடிக்கை இல்லை. சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளினால் ஒழிய அவர் வயிறு ஸ்டியரிங்குக்குப் பின்னால் அடங்காது. அந்தக் காரை ஓட்ட ஊரில் அவரை விட்டால் வேறு ஆளும் கிடையாது.

மகள் மெட்டில்டாவைக் கல்யாணத்தன்று அந்தக் காரில் தானே ஓட்டி மாதா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. நடந்தால் கோயில் இரண்டு தெரு. கார் போவதோ கடற்கரைச் சாலையைச் சுற்றி, பஜாரைத் தாண்டி, பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்க்கும்படி. முந்தின நாள் சாயங்காலம் சீட்டை முன்னுக்கு நகர்த்தி, பின்பக்கமெல்லாம் பூ கட்டி, பானெட்டுக்கும் மாலை போட்டு, காரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று காலை பர்னபாஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினார். உர்ர்ர் என்றது. சீட்டு அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி உர்ர்ர். உள்ளே நுழைந்து பார்த்தார். வயிறு ஸ்டியரிங்கில் முட்டி நின்றது. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். மூச்சு அடங்கியது, வயிறு அடங்கவில்லை.

"அடியில ஏதும் சிக்கிக் கிடக்கான்னு பாக்கணும்" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார்.

"குனியாதீங்க பர்னபாஸ்!"

பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கைகள் பின்னால். ராஜதுரை அண்ணாச்சி கல்யாணத்துக்குத்தான் கிளம்பி வந்திருந்தார். ஆனால் அந்த உர்ர்ர் அவர் காதில் விழுந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒரு இன்பம் பரவுவதை உணர்ந்தார். ஊரே பார்க்க வந்த சீட்டு! அதுவே மக்கர் பண்ணுகிறது! இனி வேறு என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

"இன்னொரு தடவ அழுத்துங்க." உர்ர்ர். கண்ணை மூடித் திறந்தார். "மோட்டார்ல கோளாறு இல்ல. கேக்குதுல்லா? சுவிச்சுக்குள்ள கடக்காத்து உப்புப் புடிச்சிருக்கு. கரண்டு பாதி வழியில நிக்கி."

"இல்ல அண்ணாச்சி, அடியில ஒரு கை விட்டுப் பாத்துருதேன்."

"கோட்டப் போட்டுக்கிட்டு மண்ணுல குனியவா போறிய? ஒயரு ரெண்டையும் நேராக் கோத்தா தானா பின்னால வந்துரும். சின்ன வேலைதான். ஏளா கிளாடிஸ், குசினில இருந்து ஒரு கத்தி கொண்டா."

கிளாடிஸ், பர்னபாஸின் மனைவி, கணவர் முகத்தைப் பார்த்தாள். கணவர் கோட்டைப் பார்த்தார். கோயிலில் முதல் மணி அடித்தது. நேரம் தவறினால் சாமியார் பூசையை ஆரம்பித்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். கத்தி வந்தது.

அண்ணாச்சி ஓட்டுநர் இடத்தில் ஏறி அமர்ந்தார். அவருக்கும் வயிறு உண்டு. பர்னபாஸ் வயிற்றுக்கு முன்னால் அது சின்னப் பிள்ளை என்பதால் உள்ளே அடங்கியது. கத்தி முனையால் பொத்தான் மூடியை நெம்பினார். உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இத்தனை ஒயர்கள் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். வாசலில் பேண்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள், வெள்ளைச் சேலையும் முக்காடுமாக மெட்டில்டா, எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது தெரியாமல் இருக்க முடியுமா? சிவப்பையும் பச்சையையும் சேர்த்தார்.

சீட்டு நகர்ந்தது. "பாத்தியளா!" என்றார்.

நகர்ந்தது முன்னால். அவசரமில்லாமல், மரியாதையாக, நிற்காமல். ஒயரைப் பிரிக்கப் பார்த்தார். அது பொறி பறக்க ஒட்டிக்கொண்டது. சீட்டு அவரை ஸ்டியரிங்கோடு சேர்த்து அணைத்து, பூண்டு வதங்கிக் கருகுவதுபோல் ஒரு வாடையைக் கிளப்பிவிட்டு, செத்துப்போனது. அந்தக் காரில் ஸ்டியரிங் நடுவில் இருந்த வளையத்தை அழுத்தினால் ஹாரன் அடிக்கும். அண்ணாச்சி மூச்சை உள்ளே இழுத்தார். பாஆஆம் என்றது. கடலில் கப்பல் கத்துவதுபோல் இருந்தது.

"அண்ணாச்சி, என்ன செய்யுது?" என்று பதறினார் பர்னபாஸ்.

"ஒண்ணுமில்ல... (பாஆஆம்)... சின்ன..."

மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவர் வரவில்லை. டாக்சி பிடிக்க ஓடிய பர்னபாஸின் மச்சினன் மனுவேலும் வரவில்லை. இரண்டாம் மணி அடித்தது. பர்னபாஸின் முகம் அழப்போகும் பிள்ளையின் முகம்போலக் கோணியது. அப்போது மெட்டில்டா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"நடந்து போவம்ப்பா. ரெண்டு தெருதான?"

"ஊர் என்னளா சொல்லும்? வாசல்ல கார நிப்பாட்டிட்டு நடந்து போறான்னு..."

"சொல்லிட்டுப் போட்டும். கையக் குடுங்க."

பேண்டு முன்னால் போக, அப்பனும் மகளும் கைகோத்து நடந்தார்கள். தெரு முனையில் திரும்பும்போது மெட்டில்டா காரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சி கையை ஆட்டினார். பிறகு தெருவில் ஒருவரும் இல்லை.

அவள் தத்தி நடந்த காலத்தில் கருப்பட்டித் துண்டுக்காக அவர் கடைக்கு வந்து மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவள் கல்யாணத்தை முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் புதுப் பட்டு வேட்டி எடுத்திருந்தார். இப்போது பார்க்கக் கிடைத்தது கண்ணாடி வழியே ஒரு தென்னை மரமும் மாலை கட்டிய பானெட்டும்தான். கண் கரித்தது. புகையால் என்று வைத்துக்கொண்டார். ஆளில்லாத அந்தக் காருக்குள் ஒரே ஒரு முறை அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மெல்ல வாயைத் திறந்தார். "எனக்குத் தெரி..."

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டியளா?" தெருவில் ஆடு ஓட்டி வந்த முப்பிடாதி சன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"மாட்டவா? சோதிச்சுக்கிட்டுல்லா இருக்கேன்! (பாஆஆம்) ஹாரன் நல்லா இருக்கான்னு."

சாமியார் மாப்பிள்ளையைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்ட நேரத்தில் அந்தச் சத்தம் கோயிலுக்குள் கேட்டது என்றும், மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தாள் என்றும், சாமியார் அதை அழுகை என்று நினைத்து ஆறுதல் சொன்னார் என்றும் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் திரும்பி வந்தபோது அண்ணாச்சி வியர்வையில் ஊறிப்போயிருந்தார். மாப்பிள்ளை வளன் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை பார்க்கிறவன். கல்யாணக் கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஏறி, சீட்டின் முதுகைத் தாங்கிய ஆணிகளைக் கழற்றினான். நாலு பேர் அண்ணாச்சியின் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தார்கள். பட்டு வேட்டி கிழிய, தலைகீழாக, பூமாலைகளுக்கு நடுவில் அவர் பின் சீட்டில் வந்து விழுந்தார்.

பர்னபாஸ் இப்போது யாரையும் கேட்கவில்லை. கோட்டோடு குனிந்து சீட்டின் அடியில் கையை விட்டார். சீட்டு நகரும் தண்டவாளத்தில் ஏதோ தட்டுப்பட்டது. திருகி வெளியே எடுத்தார். கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைச் சங்கு. மாதிரி காட்ட அவர் காரில் எடுத்துவந்த சங்குச் சாக்கிலிருந்து உருண்டு, சீட்டு முன்னால் போயிருந்த நேரத்தில் தண்டவாளத்தில் விழுந்து, சீட்டைப் பின்னால் வரவிடாமல் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, சங்கை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"நான் காலையிலேயே சொன்னம்லா," என்றார், "சின்ன விசயம்னு?"

முதலில் சிரித்தவள் மெட்டில்டா. அப்புறம் பேண்டுக்காரர்கள். கடைசியில் வயிறு குலுங்க பர்னபாஸ். சிரித்து முடித்து அவர் அண்ணாச்சியின் தோளில் கையைப் போட்டார். "கார்ல போயிருந்தா ரோட்டத்தான் பாத்துருப்பேன், அண்ணாச்சி. நடந்ததுனால எம்பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே போனேன்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "அத நெனச்சுத்தான நானும்..." என்று தொடங்கினார். கிளாடிஸ் ஒரு கேக்குத் துண்டை அவர் வாயில் திணித்துவிட்டாள்.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்தவர் பொருளில் கை வைக்கிற ஆளா நீங்கள்? ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயோ, 'அட, ஃபியூஸைப் பார்த்திருந்தால் போதுமே' என்றோ, 'நானாக இருந்தால் முதலில் பாட்டரியைக் கழற்றியிருப்பேன்' என்றோ, உங்களுக்குள் ஒரு குரல் எழவில்லையே? எழுந்ததா? அப்படியானால் என் வீட்டுக்கு வரும்போது சொல்லிவிட்டு வாருங்கள். இருப்பதை எல்லாம் மூடி வைத்துவிடுகிறேன்.