டோனட் கடையில் டில்டா தொடுத்த போர்

வெண்பனி போர்த்த அயோவா மாநிலத்துச் சோளநாட்டுச் செல்வியே, ஏழாம் வகுப்பின் எரிதழலே, வரைபட அச்சுக்கோடுகளுக்குத் தவறாமல் பெயர் சூட்டும் அஞ்சா விரலினளே, அலகு குறிக்காத வரைபடங்களுக்குக் கூற்றுவனே, பற்கம்பி மின்னப் பகைவரை நோக்கிச் சிரிக்கும் டில்டா ஓவர்கார்டே, நீ வாழி. உன் புகழ் பாடக் கலைமகளை அழைத்திருப்பேன். அவள் என்னை எந்த அளவுகோலால் மதிப்பிடுவாள் என்று தெரியாததால், அழைக்காமலே தொடங்குகிறேன்.

போர் மூண்ட கதை இது. டில்டாவின் ஊர்க் கடைத்தெருவில், எண்ணெய்க் கடலில் பிறந்து சர்க்கரைப் பாகில் நீராடி நடுவில் துளையோடு எழுந்தருளும் டோனட்டுகளுக்கு அரசியாக வீற்றிருந்தவள் வெர்லீன். அவள் அரியணைக்குப் பின்னால், அரையாண்டு முடியும் நாள்களில் ஒரு சுவரொட்டி கொடியெனத் தொங்கும்: 'ரிப்போர்ட் கார்டில் எத்தனை ஏ-யோ, அத்தனை டோனட் இலவசம்.' தலைமுறை தலைமுறையாக அவ்வூர்ப் பிள்ளைகள் படித்தது அறிவுக்காக என்று எவரும் சொன்னதில்லை.

ஆனால் டில்டாவின் நடுநிலைப் பள்ளியிலோ அறிஞர் குழு ஒன்று இரண்டு குளிர்காலம் கூடி அமர்ந்து, காபி ஆறு ஆறாய்ப் பாய, மதிப்பெண்ணாக ஆண்ட ஏ முதலான எழுத்துகளை நாடுகடத்திவிட்டு, ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியே ஒன்று முதல் நான்கு வரை எண் சூட்டும் புதிய ஆட்சியை நிறுவியிருந்தது. நான்கு என்றால் 'தாண்டிவிட்டார்'. மூன்று, 'எட்டிவிட்டார்'. இரண்டு, 'நெருங்குகிறார்'. ஒன்று, 'தொடங்குகிறார்'. பூஜ்யத்துக்குக் கௌரவமான பெயர் வைக்க இன்னொரு குளிர்காலம் தேவைப்படுமாம்.

அந்தோ, டில்டாவின் அட்டையில் அறிவியலுக்கு நேரே நின்ற படையைப் பாருங்கள்: வரைபடம் வரைதல், மூன்று. சோதனை திட்டமிடுதல், மூன்று. சான்று காட்டி வாதிடுதல், இரண்டு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு ஏ அகப்படாது.

எழுத்துகள் இன்னும் கோலோச்சும் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அவள் அண்ணன் கார்ஸ்டனோ, சன்னலோர மேசையில் ஐந்து ஏ-க்களுக்கு ஈடாக ஐந்து டோனட்டுகளைப் பகைநாட்டுக் கோட்டைகளைப் போல் ஒவ்வொன்றாக வீழ்த்திக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டுல ஏ வாங்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான்" என்றான், வாயெல்லாம் சர்க்கரையாக. "நீ நெருங்கிட்டே இரு. நான் தின்னுட்டே இருக்கேன்."

வெறுங்கையோடு திரும்பினால் கோடை வரை இந்த ஏளனம் ஓயாது. பனிக்காலணி தரையதிர, யானைப்படை கண்டும் கலங்காத வீரனென, டில்டா கல்லா மேடைக்குச் சென்று அட்டையை விரித்தாள். வெர்லீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.

"இதுல ஏ எங்க தங்கம்?"

"எங்க ஸ்கூல்ல ஏ கிடையாது, ஆன்ட்டி. மூணுதான் ஏ மாதிரி."

"மாதிரிக்கெல்லாம் டோனட் இல்லையேம்மா."

அப்போது வரிசையில், கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, தன்னை யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று வேண்டி நின்ற ஓர் உருவம் வெர்லீனின் கழுகுக் கண்ணில் சிக்கியது. அவரே டில்டாவின் அறிவியல் ஆசிரியர் புரூயிட். அந்த இரண்டைப் போட்ட கை அவருடையது. மேற்படி குழுவில் இரு குளிர்காலமும் காபி குடித்த வாயும் அவருடையதே.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. மூணுன்னா ஏ-வா?"

"அப்படி மாத்திச் சொல்லக் கூடாதுங்க" என்றார் புரூயிட், சத்தியம் செய்து கொடுத்தவரைப் போல. "மூணுன்னா அந்தத் திறன் அவளுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"சரி, அப்போ ஏ-ன்னா என்ன அர்த்தம்?"

"அது எங்களுக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்லைங்க. அதனாலதான் எடுத்துட்டோம்."

வரிசை முணுமுணுத்தது. கார்ஸ்டன் நான்காம் கோட்டையை வீழ்த்தினான். அக்கணம் டில்டாவின் நெஞ்சில் தும்பை மலர்ந்தது. காகிதக் கைத்துண்டு இரண்டை உருவினாள், மேடைப் பேனாவை வாளெனப் பற்றினாள், அண்ணனின் மேசைமுன் ஒரு துண்டை எறிந்து முழங்கினாள்:

"இந்தக் கடையில மணிக்கு மணி எத்தனை டோனட் விக்குதுன்னு ஒரு வரைபடம் போடு. நானும் போடறேன்."

கார்ஸ்டன் ஏளனமாகக் கிறுக்கினான். ஒரு கோடு மலையேறி இறங்கியது. அதன் அச்சுகளில் பெயரில்லை, அலகில்லை. அது டோனட் விற்பனையா, நாய்க்குட்டியின் காய்ச்சலா என்று வரைந்தவனுக்கே தெரியாது. டில்டாவின் துண்டிலோ நேரம் கிடையாகவும் எண்ணிக்கை செங்குத்தாகவும் பெயரும் அலகும் பூண்டு, அணிவகுத்த சேனையெனப் பொலிந்தன. இரண்டையும் மேடைமேல் அறைந்தாள்.

"பாருங்க ஆன்ட்டி. அறிவியல்ல இவனுக்கு ஏ. ஏன்னா வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் குடுத்தான். வகுப்புக்குச் சளி துடைக்கற டிஷ்யூ பெட்டி ரெண்டு கொண்டுபோனான், அதுக்கும் கூடுதல் மார்க். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

"மூணு பெட்டி" என்றான் கார்ஸ்டன், பெருமையோடு.

"மூணு பெட்டியாம். ஆனா அச்சுக்குப் பேர் எழுதத் தெரியல. எனக்குத் தெரியும். என் மூணுல டிஷ்யூ கிடையாது, எனக்கு வந்தது மட்டும்தான் இருக்கு. அப்போ ஏ-ன்னா படிப்பும் சளியும் கலந்த கணக்கு. அதை நம்பி நீங்க எப்படி டோனட் குடுக்கறீங்க?"

எண்ணெய்ச் சட்டிகூட ஒரு நொடி கொதிக்க மறந்தது என்பர். கூற்று, சான்று, காரணம் என முப்படையும் ஒருங்கே திரண்ட அவ்வாதம் புரூயிட்டின் கண்ணை நனைத்தது. பழைய சான்றைப் புதிய சான்று வெல்லும் என்பதே அவர் குழுவின் முதல் விதி. அவர் தொப்பியைக் கழற்றினார், அட்டையை இழுத்தார், வாதிடுதலுக்கு நேரே இருந்த இரண்டை அடித்து நான்கு என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"தாண்டிட்டா" என்றார்.

முரசு அதிரட்டும், வாகை சூடட்டும் என்று நான் ஏட்டைத் திருப்பும் வேளையில், வெர்லீன் இரு வரைபடங்களையும் மாறி மாறி நோக்கி நெடுமூச்செறிந்தாள்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி தங்கம். இத்தனை வருஷமா சளிக்கா டோனட் குடுத்திருக்கேன்?"

சொல்லிவிட்டு அரியணைக்குப் பின்னால் திரும்பி, தலைமுறைகள் வணங்கிய சுவரொட்டியை ஒரே இழுப்பில் கிழித்து, ஐந்தாம் டோனட்டை நோக்கி நீண்டிருந்த கார்ஸ்டனின் கையைத் தட்டிவிட்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

டில்டா காசு கொடுத்து ஒரு டோனட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.