வெறும் தண்ணீர் போதாது என்பவர்

விளக்கர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார், அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், வீட்டிலேயே இருந்தால் என் ஆழ்ந்த அனுதாபங்கள். குடை இருக்கிறதா என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். மேகம் எப்படி உருவாகிறது என்று ஆரம்பிப்பார், நீங்கள் நனைந்துகொண்டே கேட்டு முடிக்க வேண்டியதுதான். அடுப்பில் பால் பொங்கும்போது அது ஏன் பொங்குகிறது என்று மனைவிக்கு எடுத்துச் சொல்வாரே தவிர, கையை நீட்டி அடுப்பை அணைக்க மாட்டார். அணைப்பது விளக்கத்தில் சேராது.

எனக்கு வாய்த்த விளக்கர், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். நான் வரலாற்று ஆசிரியன், அவர் தாவரவியல். செடியின் செல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறார். குரல் சுவரைத் தாண்டி வரும். அதனால், ராஜாக்களைத் தவிர வேறெதுவும் தெரியாத நானே அதைத் தூக்கத்தில் ஒப்பிப்பேன். செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு. அது தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பையும் சர்க்கரையையும் லேசில் விடாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். சாதாரண மண்ணைவிட வேரின் செல்லில்தான் உப்பும் சர்க்கரையும் அதிகம். ஆகவே தண்ணீர் வேருக்குள் புகுந்து, செல் செல்லாகக் கடந்து, தண்டில் ஏறி, இலைக்குப் போய்ச் சேரும். தண்ணீர் நிறைந்த செல் உப்பிச் சுவரை அழுத்தும், அந்த அழுத்தத்தில்தான் இலை விறைப்பாக நிற்கிறது. இதற்குப் பெயர் சவ்வூடு பரவல். பெயரைச் சொல்லும்போது விளக்கரும் கொஞ்சம் விறைப்பாக நிற்பார்.

இவ்வளவும் தெரிந்தவரிடம் ஒரு செடியை நம்பிக் கொடுப்பதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? எங்கள் நூலகர் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் விடுப்பு. தனியாக வசிப்பவர். வீட்டில் வெளிச்சம் போதாது என்று நூலக ஜன்னலில் ஒன்பது வருடமாக ஒரு செடி வளர்த்துவந்தார். அகலமான இலைகள், மொத்தம் பதினெட்டு. எண்ணி வைத்திருந்தார். நூலகம் பூட்டிக் கிடக்கும் என்பதால் தொட்டியை எங்கள் ஆசிரியர் அறை ஜன்னலுக்குக் கொண்டுவந்து, விளக்கரிடம் ஒப்படைத்து, ஒரு சீட்டும் கொடுத்தார். வாரம் இரண்டு தடவை ஒரு டம்ளர் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அம்மா வாசலைத் தாண்டும் வரை விளக்கர் பொறுத்திருந்தார். பிறகு சீட்டை என்னிடம் காட்டிச் சிரித்தார்.

"வெறும் தண்ணியில என்ன சார் சத்து இருக்கு?"

மறுநாள் ஓர் உரப் பொட்டலம் வந்தது, கூடவே ஒரு கரண்டியும். மாதத்துக்கு ஒரு சிட்டிகை என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதெல்லாம் விஷயம் தெரியாதவர்களுக்காகப் போடுவது. விளக்கர் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு கரண்டி போட்டார். மூன்றாவது வாரம் இலைகள் தொங்கின. மண் ஈரமாகத்தான் இருந்தது, செடி மட்டும் தாகத்தில் இருப்பது போல் துவண்டது. சத்துப் பற்றாக்குறை என்று விளக்கி, இரண்டு கரண்டியாக்கினார். ஓரமெல்லாம் கருகியது. மூன்றாக்கினார்.

மருத்துவமனையிலிருந்து நூலகர் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வார். தலைமையாசிரியரைப் பற்றிக் கேட்கமாட்டார், நூலகத்தைப் பற்றிக்கூடக் கேட்கமாட்டார். செடி எப்படி இருக்கிறது என்பார். நல்ல மாற்றம் தெரிகிறது என்று விளக்கர் சொல்வார். அதில் பொய் இல்லை. நான் நோட்டுத் திருத்துவதுபோல் குனிந்துகொள்வேன். தாவரவியல்காரரிடம் தாவரத்தைப் பற்றி வாயைத் திறக்க நான் யார்?

நான்காவது வாரம், டீ கிளாஸ் எடுக்க வந்த கேன்டீன் அக்கா தொட்டியருகே நின்றார். மண்ணை விரலால் கீறிப் பார்த்தார். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது.

"என்ன சார், உப்பு பூத்துக் கிடக்கு?"

அது உப்பில்லை, உரம் என்றும், உரத்தில் என்னென்ன இருக்கின்றன என்றும், அவை கரைந்தால் என்ன ஆகும் என்றும் பத்து நிமிடம் பாடம் நடந்தது. அக்கா தட்டைப் பிடித்தபடியே கேட்டார். முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளரிக்காய நறுக்கி உப்பு போட்டா, தண்ணிய விட்டுட்டுத் தொவண்டு போகும்ல சார். வேருக்கும் அப்படித்தானே இருக்கும்?"

அதே வெள்ளரிக்காயை விளக்கர் கரும்பலகையில் நானூறு தடவையாவது வரைந்திருப்பார், அம்புக்குறி போட்டு, வெளியே வரும் தண்ணீரை நீலச் சாக்பீஸில். ஒரு கணம் தன் படத்தையே தூரத்தில் பார்ப்பவர் போல விழித்தார். உடனே சமாளித்துக்கொண்டார்.

"அது வெள்ளரிக்காய் அக்கா. இது செடி."

அக்கா தொட்டியைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய், அடித்துளை வழியாகத் தெளிந்த நீர் ஒழுகும் வரை ஊற்றினார். வடியவிட்டு மறுபடி ஊற்றினார். மூன்று நாள் மத்தியானம் இதே வேலை. கரண்டி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பதினோரு இலைகள் உதிர்ந்தன. மிச்சம் ஏழும் ஐந்தாவது வாரக் கடைசியில் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான் பாடத்தை விட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

நூலகர் அம்மா கைத்தடியோடு வந்தார். நேராகத் தொட்டியிடம் போய், உதடு அசைய எண்ணினார். ஏழில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. விளக்கர் தயாராக இருந்தார். வேரில் உப்பு மிஞ்சினால் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது, கழுவிவிட்டால் எப்படித் திரும்பி வருகிறது என்று படம் வரைந்து, இருபது நிமிடம் விளக்கினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. உப்பை யார் போட்டார், யார் கழுவினார் என்பது மட்டும் விளக்கத்தில் இல்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீலக்கறை படிந்த அவர் விரல்களைப் பார்த்தார். பிறகு கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உங்க சமையலறை ஜன்னல்ல வெயில் வருமா?"

செடி அன்றைக்கே இடம் மாறியது. விளக்கர் காலியான ஜன்னலைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?"

பாவமாக இருந்தது. உட்காரவைத்து விளக்கினேன். நாற்பது நிமிடம் ஆனது. பேரரசுகள் ஏன் விழுகின்றன என்பதிலிருந்து தொடங்கினேன். நாலு வாரம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இலை தொங்கியது என்று படித்த இடத்திலேயே, காரணம் இதுதான் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வாய் துறுதுறுத்ததா? அப்படியென்றால் எழுந்துபோய் உங்கள் வீட்டில் துவண்டு கிடப்பது எதுவென்று ஒருமுறை பாருங்கள். போகும்போது கையில் இருக்கும் கரண்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.